நத்தையில் கடைசிச் சுற்று

சவ வண்டியின் மூக்கு இரும்புக் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கம்பத்துக்குக் காது இருந்தால்தானே. அதற்கு இருபுறமுமாக இன்னும் பத்துக் கம்பங்கள், ஆள் தாராளமாகப் போகலாம், கார் போகவே முடியாது என்கிற அளவில் வரிசையாக நின்றன. அந்த அளவைக் குறித்தவள் ஹிமேனா. ஓட்டுநருக்கும் அண்ணனுக்கும் நடுவில், கியர் கம்பி முழங்காலில் இடிக்க, இப்போது அவள்தான் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெட்டிக்குள் அப்பா இருந்தார்.

"இதுல ஒண்ணைக் கழட்டச் சொல்லு," என்றான் ஃபிராங்க்ளின்.

"கழட்ட முடியாதுண்ணா."

"முடியாதுன்னா? ஆம்புலன்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குப் பின்பக்கம் தெருவுலயே இடம் விட்டிருக்கு. உள்ள எந்த வண்டியும் போகாது. பஸ் மட்டும்தான், அதுவும் வேற வழியா, கீழ்த்தளத்துக்கு மட்டும்."

"ஒத்தைக் கம்பம்கூடக் கழட்டுற மாதிரி வைக்கலையா?"

வைக்கச் சொன்னார்கள். நகராட்சியில் மூத்த பொறியாளர் ஒருவர் இரண்டு கூட்டங்களில் கேட்டார். ஒன்றைக் கழற்றுகிற மாதிரி வைத்தால் வருஷம் முடிவதற்குள் அதிகாரிகளின் கார் எல்லாம் உள்ளே இருக்கும் என்று சொல்லி மறுத்தவள் ஹிமேனாதான். அன்றைக்குச் சிலர் கைகூடத் தட்டினார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது இப்படிச் சவ வண்டியில் வந்து சுடும் என்று யார் கண்டது.

"ரெண்டு நாளா சொல்லிட்டிருக்கேன், கடைசிச் சுத்து, கடைசிச் சுத்துன்னு. அப்பவே வாயைத் தொறக்குறதுக்கு என்ன?"

"நீ வாசல்ல கொஞ்ச நேரம் நிறுத்தப் போறேன்னு நெனச்சேன்."

"வாசல்ல நின்னா அதுக்குப் பேரு சுத்தாடி?"

அவர்கள் வீட்டில் இரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்தின் பேரை யாரும் எடுப்பதில்லை. அதனால் வந்த வினை இது. வேறு குடும்பமாக இருந்தால் துக்க வீட்டில் காபி ஊற்றிக் கொடுக்கும்போதே ஒருவரை ஒருவர் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். ஃபிராங்க்ளின் சொன்னான், அவள் தலையாட்டினாள். இவன் மனதில் இருந்தது பழைய வாசல். டாக்ஸி ஓட்டுகிறவன், நகரத்தின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன், இந்த ஒரு தெருவுக்கு மட்டும் கோபத்தில் சவாரி ஏற்றாமலே காலத்தை ஓட்டிவிட்டான்.

மலை நகரமான கித்தோவின் பழைய மையத்தில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நத்தை என்று பேர். கார் ஏறுவதற்காக நடுவில் சுருண்டு போன சரிவால் வந்த பேர். நாற்பது வருஷம் அது கார் நிறுத்துமிடமாக இருந்தது. அப்பா அன்செல்மோ தோவாபந்தா அதில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். வண்டிக்காரர்கள் சாவியை அவர் கையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் நுழையும் என்கிற இடத்திலும் கீறல் விழாமல் நிறுத்திவிட்டு வருவார். அந்த வேலையில்தான் ஃபிராங்க்ளினுக்கு டாக்ஸி வந்தது, ஹிமேனாவுக்குக் கட்டடக் கலைப் படிப்பு வந்தது. படித்து முடித்து நகராட்சியில் சேர்ந்த பத்தாம் வருஷம் அவள் மேசைக்கு வந்த வேலை, நத்தையிலிருந்து கார்களை வெளியேற்றுவது.

அவள் அதை நன்றாகவே செய்தாள். கீழ்த்தளம் பஸ் மாறுமிடமாயிற்று. அதற்கு மேலே படிப்பகம், தையல் வகுப்பு, பிள்ளைகள் விளையாட இடம், மொட்டை மாடியில் புல்லும் பெஞ்சும். செங்குத்தான பழைய சுருளை வெட்டி எடுத்து அந்தக் குழி வழியாக வெளிச்சம் இறங்க வைத்தாள். அதைச் சுற்றி இன்னொரு பெரிய சுருள், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தள்ளிக்கொண்டு ஏறுகிற மாதிரி. பத்திரிகையில் படம் வந்தது. உள்ளே வேலை பார்த்த பதினொரு பேருக்கும் வேலை போயிற்று.

காவலாளி, தோட்டக்காரர் என்று அங்கேயே எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. கடைசியில் வந்த தாளில் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. ஹிமேனா இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தாள். மூன்றாவதும் எழுதியிருக்கலாம். திறப்பு விழா நெருங்கிவிட்டது, எழுதவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விழாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தாள், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனால் அவள் பல்வலி, அவள் வீட்டு நாய், அடுத்த வீட்டுச் சண்டை என்று எல்லாம் விசாரிப்பார், இதைத் தவிர. ஒருமுறை அவளே ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கு சூப் ஆறுது என்றார். செவ்வாய்க்கிழமை காலை ஒரு காலில் ஷூவோடு கட்டில் ஓரத்தில் செத்துக் கிடந்தார். அவர் தன்னை மன்னித்தாரா இல்லையா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். இனி யாரைப் போய்க் கேட்பது? இரண்டு நாளாக அவளால் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை.

இப்போதும் முடியவில்லை. அண்ணனைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

வாசலில் ஏழு கிழவர்கள் காத்திருந்தார்கள். பதினொரு பேரில் மிச்சம் இருக்கிறவர்கள், வர முடிந்தவர்கள். எல்லோரும் பழைய நீல மேலங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலருக்குப் பொத்தான் போட முடியாத அளவுக்குத் தொப்பை விழுந்திருந்தது. முன்னால் நின்றவர் செகுந்தோ, அப்பாவுக்கு அடுத்த நிலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர்.

"என்ன இன்ஜினியரம்மா, வழி அடைச்சிருக்கே," என்றார்.

"ஆமா மாமா."

"யாரு அடைச்சாங்களோ."

ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

நத்தையில் யார் செத்தாலும் சவ வண்டி இந்த வாசல் வழியாக நுழைந்து, சுருளில் ஏறி, மொட்டை மாடியில் ஒரு வட்டம் அடித்து, பிறகுதான் கல்லறைக்குப் போகும். மேலே பேரை மூன்று முறை கூப்பிடுவார்கள், கூட்டாளிகள் ஆஜர் என்று குரல் கொடுப்பார்கள். நாலு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். நாலு தடவையும் பேரைக் கூப்பிட்டது அன்செல்மோ.

"வண்டி போகலைன்னா நம்ம போவோம்," என்றார் செகுந்தோ. "இறக்குங்க."

"அஞ்சு மாடி மாமா," என்றான் ஃபிராங்க்ளின். "உங்க வயசுல."

"என் வயசைப் பத்தி உன் டாக்ஸிகிட்ட சொல்லு. இறக்குடா."

பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக் கம்பங்களை நெருங்கியபோதுதான் காவலுக்கு நிற்கும் பெண் ஓடிவந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கடற்கரைப் பக்கத்துப் பேச்சு.

"ஐயா, ஐயா, இதெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க. போர்டைப் பாருங்க. ஏழாவது விதி. ஒரு மீட்டருக்கு மேல நீளமான பொருள் சரிவுல கூடாது."

"அது தள்ளுவண்டிக்காரங்களுக்காக எழுதினதும்மா," என்றாள் ஹிமேனா.

"யாருக்காகன்னு அதுல போடலையே."

"நான்தான் எழுதினேன். எனக்குத் தெரியாதா?"

"எழுதினவங்களே மீறினா நான் மத்தவங்களை எப்படித் தடுக்கறது?"

பெட்டியின் முன்முனையைத் தாங்கிக்கொண்டிருந்த செகுந்தோ அப்படியே கழுத்தை மட்டும் திருப்பினார்.

"பொருளா? பாப்பா, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இங்க வேலைக்குச் சேர்ந்தவன் இவன். இப்ப நீ நிக்கிற இடத்துலதான் இவன் நாற்காலி கிடக்கும்."

"இங்கயா? இங்க என்ன வேலை?"

"கார் நிறுத்துற வேலை."

"இங்க ஏதுங்க கார்?" என்றாள் அந்தப் பெண். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு பேர் ஆயுசைக் கொட்டிய இடம். இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை, அப்படி ஒன்று இருந்ததே தெரியாத ஒருத்தி சீருடை போட்டு வாசலில் நிற்கிறாள். ஹிமேனாவுக்கு அவமானமாக இருந்தது. முன்பு இங்கே என்ன இருந்தது என்று சொல்ல வாசலில் ஒரு பலகை வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் நீல மேலங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எக்கி நின்று, பெட்டி மூடியில் பதித்த கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"மேல இருக்கிறவங்களுக்கு. சரிவுல ஒரு பெரியவர் வர்றாரு. கூட ஆளுங்க இருக்காங்க. மெதுவாத்தான் வருவாங்க, வழி விடச் சொல்லுங்க." அதை இடுப்பில் செருகிவிட்டு இவர்களிடம் சொன்னாள். "இடது பக்கமா ஏறுங்க. பஸ் வந்தா கூட்டம் இறங்கும், அது போற வரைக்கும் நில்லுங்க."

கம்பங்களுக்கு நடுவே ஒரு ஆள்தான் போகலாம். பெட்டியை உயரத் தூக்கி, அந்தப் பக்கம் மூன்று பேர் இந்தப் பக்கம் மூன்று பேராகக் கைமாற்றி உள்ளே கொண்டுபோனார்கள். பஸ்ஸுக்கு நின்ற வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கையில் காய்கறிப் பை வைத்திருந்த அம்மாள் ஒருத்தி பையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

முதல் அரைச் சுற்று முடியும்போதே பின்னால் தாங்கியிருந்த கிழவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சரிவு அங்கே ஒரு தட்டையான இடத்தில் வந்து நின்றது. பெட்டியை இறக்காமலே ஆள் மாறலாம் என்றார் செகுந்தோ. மாற்றுவதற்கு மற்ற கிழவர்கள் நகர்வதற்குள் ஹிமேனா அந்த இடத்தில் தோளைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு முன்னால் ஃபிராங்க்ளின், ஆறடி. பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது.

"தோளை உசத்து," என்றான்.

"உசத்தத்தானே செய்றேன். உசரத்துக்கு எங்க போறது?"

"அப்பாவைக் கீழ போட்டுடாதடி."

"நீ குனிஞ்சு நட."

குனிந்தான். யாரோ ஒரு கம்பளி மேலங்கியை மடித்து அவள் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால், படிப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு ஆள். அடுத்த தட்டையான இடத்தில் அவனே ஒரு கிழவரை விலக்கிவிட்டுத் தோள் கொடுத்தான். செத்தது யார் என்று கேட்கவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கிறவர் ஒருவரும் சீட்டுக் கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்.

கிழவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். மூச்சு வாங்கினாலும் வாய் நிற்கவில்லை. இந்த அலமாரி இருக்கிற இடத்தில்தான் பல் டாக்டரின் சிவப்பு வண்டி நிற்கும் என்றார் ஒருவர். சிவப்பு இல்லை, காபிக் கொட்டை நிறம் என்றார் இன்னொருவர். அந்தத் தூணில்தான் ஒரு மந்திரியின் மச்சான் வண்டியை இடித்துவிட்டு அன்செல்மோ மேல் பழியைப் போட்டான் என்றார்கள். தூண் இருக்கிறது, அதில் இப்போது பிள்ளைகள் வரைந்த மீன் இருந்தது. இந்தத் தூண்களையெல்லாம் எண் போட்டு வரைபடத்தில் அடையாளம் செய்தவள் ஹிமேனா. எந்தத் தூணில் என்ன நடந்தது என்று அப்பாவிடம் அவள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

"இந்தத் தட்டை எடம் யாரு வச்சது?" என்றார் செகுந்தோ, நாலாவது முறை நின்றபோது. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"நான்தான் மாமா. ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் ஒண்ணு. முட்டி வலிக்கிறவங்களுக்கு."

"ம்."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒரு நல்ல வார்த்தை வருமா என்று அவள் காத்திருந்தாள். காத்திருந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மொட்டை மாடி நெருங்க நெருங்கப் பாட்டுச் சத்தம் இரைந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அங்கே நடன உடற்பயிற்சி என்பது ஹிமேனாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுத்ததும் அவள் அலுவலகம்தான். முப்பது முப்பத்தைந்து பெண்கள், அறுபது வயசுக்காரிகள்கூட, பளிச்சென்ற கால்சட்டையில் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பிச்சிஞ்சா மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. நடுவில் பெட்டி வந்து நின்றதும் முதல் வரிசை ஆட்டத்தை நிறுத்தியது, கடைசி வரிசைக்குத் தெரியாமல் இன்னும் நாலு எட்டு ஆடியது. சொல்லிக்கொடுக்கிற பையன் ஓடிப்போய்ப் பாட்டை அணைத்தான்.

"மன்னிக்கணும்," என்றாள் ஹிமேனா. யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பெட்டியோடு மாடியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்கள். புல்லில் ஈரம். பெண்கள் தண்ணீர் பாட்டில்களை அப்புறப்படுத்தி வழி விட்டார்கள். வட்டம் முடிந்ததும் செகுந்தோ தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றார். மேலங்கியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அன்செல்மோ தோவாபந்தா."

"ஆஜர்," என்றார்கள் ஆறு கிழவர்களும் ஃபிராங்க்ளினும். குரல் தளர்ந்துதான் வந்தது. ஏறி வந்த களைப்பு. ஹிமேனாவுக்கு வாயே வரவில்லை. அப்பா இங்கே வரவே விரும்பாதவர், அவர் சார்பில் எந்த முகத்தோடு ஆஜர் சொல்வது?

"அன்செல்மோ தோவாபந்தா."

இந்தத் தடவை பெண்களில் பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பேரைக் கூப்பிட்டால் ஆஜர் சொல்ல வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

"அன்செல்மோ தோவாபந்தா."

மாடி முழுக்க ஆஜர் என்றது. நடுக்குழி வழியாகக் கீழேயிருந்தும் சில குரல்கள் வந்தன, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களாக இருக்கும். அவள் தோளில் இருந்த பெட்டி குலுங்கியது. முன்னால் ஃபிராங்க்ளின் அழுதுகொண்டிருந்தான். ஹிமேனாவும் சொன்னாள். சொன்னபோது குரல் கீச்சென்று உடைந்தது, அதைப் பற்றி அவள் வெட்கப்படவில்லை.

இறங்கும்போது மூன்றாம் மாடியில் பெஞ்சின்மேல் பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். லாட்டரிக்காரர் எல்லோருக்கும் தண்ணீர் வாங்கி வந்தார். ஃபிராங்க்ளின் முகம் கழுவப் போனான். செகுந்தோ பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். ஹிமேனா உட்காராமல் கைப்பிடிச் சுவர் வரை போவதும் வருவதுமாக இருந்தாள்.

"இப்படி ஒரு எடத்துல நில்லும்மா. பார்க்கவே எனக்குத் தலை சுத்துது."

நின்றாள்.

"உங்கப்பன் இங்க வந்திருக்கான்," என்றார்.

"எப்ப?"

"தொறந்த பத்தாம் நாளு. என்னைத்தான் கூட்டிட்டு வந்தான். மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து. தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, களவாணி மாதிரி வந்தான்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஏறினான். உச்சி வரைக்கும் ஏறினான். எனக்கு மூச்சு வாங்கிச்சு, அவனுக்கு வாங்கல. சரிவு நல்லா இருக்குடான்னான். அவ்வளவுதான். மேல நின்னு கொஞ்ச நேரம் பார்த்தான், எறங்கிட்டோம்."

"மாமா, இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"வாசல்ல வச்சு எங்கிட்ட சத்தியம் வாங்கினான். பொண்ணுகிட்ட சொல்லிடாதன்னான். ஏன்டான்னேன்." செகுந்தோ காலை நீட்டிக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்னு அவ நெனச்சுக்குவான்னான்."

ஹிமேனா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். செகுந்தோ சொன்னதில் அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. சூப் ஆறுது என்று சொன்ன அதே குரல்.

"அப்ப மன்னிக்கலையா மாமா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? சொல்லாதன்னான், அவன் போயிட்டான், சொல்லிட்டேன். என் பங்கு முடிஞ்சுது." தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "நான் மன்னிக்கல. வேணும்னா அதைச் சொல்றேன்."

"சரி மாமா."

"எனக்கு இன்னும் வேலை கிடைக்கல. இருந்தாலும் தட்டை எடம் இல்லைன்னா இன்னிக்கு என்னையும் சேர்த்துத் தூக்கியிருப்பீங்க. அதையும் சொல்லணும்ல."

ஃபிராங்க்ளின் ஈர முகத்தோடு வந்தான். மறுபடி தூக்கினார்கள்.

கல்லறையில் அப்பாவுக்குக் கிடைத்தது சுவரில் மூன்றாவது வரிசை மாடம். கீழே இரண்டு பேர், மேலே இரண்டு பேர், பக்கத்தில் யாரோ ஒரு பள்ளி ஆசிரியை. பாதிரியார் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார், தூறல் விழ ஆரம்பித்திருந்தது. சக்கரம் வைத்த மேடையில் பெட்டியை ஏற்றி மாடத்தின் உயரத்துக்குத் தூக்கினார்கள். கொத்தனார் சிமென்ட் குழைத்த தட்டோடு ஏணியில் நின்றார்.

"தலை உள்ள போற மாதிரி தள்ளிடலாமா?" என்றார்.

"எப்பவும் எப்படி?" என்றான் ஃபிராங்க்ளின்.

"எப்பவும் அப்படித்தான். தலை முதல்ல."

"கூடாது," என்றார் செகுந்தோ. "ரிவர்ஸ்லதான் போகணும். அவன் ஒரு வண்டியைக்கூட மூக்கை உள்ள விட்டு நிறுத்தினது கிடையாது. எடுக்கும்போது நேரா வெளிய வரணும், அதான் முறை."

"எங்க வரப்போறாரு?" என்றார் கொத்தனார்.

"அது உனக்கு எதுக்கு?"

எது முன்பக்கம் என்பதில் கிழவர்களுக்குள் சண்டை வந்தது. கால்தான் முன்னால் போகிறது, ஆகவே கால்தான் மூக்கு என்றார் ஒருவர். தலையில்தான் கண் இருக்கிறது, விளக்கு இருக்கிற பக்கம்தான் முன்பக்கம் என்றார் மற்றவர். கல்லறை என்றும் பார்க்காமல் குரல் உயர்ந்தது. பாதிரியார் குடையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தூறல் மழையாகிக்கொண்டிருந்தது.

"இன்ஜினியரம்மா சொல்லட்டும்," என்றார் இடுப்புப் பிடித்துக்கொண்ட கிழவர்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தலை வெளிப்பக்கம்," என்றாள் ஹிமேனா. "கால் முதல்ல போகட்டும்."

மேடையைத் திருப்பினார்கள். மாடம் குறுகலாக இருந்தது, பெட்டியின் பக்கவாட்டுப் பிடிகள் சிமென்டில் இடிக்கும் போலத் தெரிந்தது. செகுந்தோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மாடத்தின் இடது ஓரத்தில் ஏறி நின்றார். அவளைப் பார்த்துத் தாடையால் வலது பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு பூந்தொட்டி மேடை இருந்தது. அவள் அதன்மேல் ஏறி, கன்னத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, இடுக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"தள்ளுங்க," என்றார் செகுந்தோ. "மெதுவா. வா, வா, வா. உன் பக்கம் எப்படி?"

"இடிக்குது. கொஞ்சம் உங்க பக்கம் ஒடிங்க."

"ஒடிச்சாச்சு."

"நேராக்குங்க. வரட்டும். இன்னும் வரட்டும்."

ஃபிராங்க்ளினும் கொத்தனாரும் தள்ளினார்கள். கரகரவென்று சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கண்ணாடிக்குள் அப்பாவின் நெற்றி அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"போதும்," என்றாள். விரலைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு விரல் இடம் இருக்கு. உங்களுக்கு?"

செகுந்தோ அந்தப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார்.